அரைப் புள்ளி கிடையாது

அன்று காலை சவரிராஜ் தன் மனைவியின் கண்ணுக்குள் கடைசியாகப் போட்ட சொல் 'குடை'.

அமலோற்பவம் வேலைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். வலது கண்ணில் தெரிந்துகொண்டிருந்த வாசலின் மங்கலான கட்டம் சட்டென்று மறைந்து, அந்த இடத்தில் இரண்டு எழுத்துகள் மஞ்சளாக எழுந்து நின்றன.

"வாய் இருக்குல்ல? சொன்னா என்னவாம்?" என்றாள் உள்பக்கம் திரும்பி.

"சொன்னா உனக்குக் காதுல ஏறாது. கண்ணுக்குள்ள போட்டா எங்க ஓடுவ?"

"மழை வர்ற மாதிரியே இல்லையே."

"ஐப்பசி மாசத்துல இப்படிக் கேக்குற ஒரே ஆளு திருச்சியிலயே நீதான்."

அவள் குடையை எடுத்துக்கொண்டாள். அவர் அவளுக்கு முன்னால் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வெளியே போனார். கேட் கிறீச்சிட்டது. தெருமுனையை அவர் தாண்டியிருக்கும்போது, அவள் பார்வையின் கீழ் இடது மூலையில் எரிந்துகொண்டிருந்த ஒற்றைப் புள்ளி அணைந்தது. தினமும் அணைவதுதான்.

அந்தப் புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமலோற்பவத்துக்குப் பத்தொன்பது வயதில் மாலைக்கண் வந்தது. பிறகு பகலும் போனது. பாலக்கரை கோவிலில் சவரிராஜுக்கு மாலை போட்டபோது அவளுக்கு முழு இருட்டு. கல்லூரி அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை, ஒரு பெண் குழந்தை, அடுக்களை, எல்லாமே கையாலும் காதாலும் நடந்தன. நாற்பதை நெருங்கியபோதுதான் அந்தத் தகடு வந்தது. விரல்நகத்தில் பாதி இருக்கும். விழித்திரைமேல் ஒட்டிவிடுவார்கள். மூக்குக்கண்ணாடியில் இருக்கும் கேமரா பார்ப்பதைத் தகடு புள்ளி புள்ளியாக நரம்புக்குத் தட்டிச் சொல்லும். ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள்தான். ஜன்னல் ஒரு வெள்ளைச் சதுரம், மனிதர் ஒரு நிழல், படிக்கட்டு ஏழெட்டுக் கோடு. ஆனால் இருபது வருட இருட்டுக்குப் பிறகு கோடு என்பது சாதாரண விஷயமா?

படிப்பதற்கும் வழி உண்டு என்றார்கள். கைப்பேசியில் தட்டுவது கண்ணுக்குள் தெரியும். ஆங்கிலம் தெரிந்தது. தமிழ் வெறும் பொட்டலமாக வந்தது. தகடு செய்த நிறுவனத்தார் அச்சுப் புத்தக எழுத்தை எடுத்துச் சுருக்கிச் சுருக்கித் தகட்டுக்குள் அடைத்திருந்தார்கள். ணகரமும் ஞகரமும் நசுங்கிய வண்டுகள் போல இருந்தன.

சவரிராஜுக்கு இது பழகிய வேலை. டவுன் பஸ்களின் நெற்றியில் ஊர்ப்பெயர் ஓடுமே, அந்தப் புள்ளிவிளக்கு போர்டுகளைப் பொருத்தியும் பழுதுபார்த்தும் பிழைத்தவர் அவர். 'திருவெறும்பூர்' என்பதைப் பதினாறு வரிசை விளக்குக்குள் மேல்கொம்பும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படாமல் உட்கார வைப்பது அவருடைய அன்றாடம்.

"சுருக்கினா எழுத்து செத்துடும்" என்றார் முதல் நாளே. "இந்த அளவுக்குன்னே அது பொறக்கணும்."

ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகப் புள்ளி வைத்தார். அவள் எதிரே உட்கார்ந்து "இது என்ன லூவா, ஹூவா?" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். எழுத்துகள் முடிந்தபோது, கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேவலை, ஒன்றரை மடங்கு போதும் என்று கேட்டாள்.

"ஒன்றரை முடியாது. ஒரு மடங்கு, இல்லன்னா ரெண்டு மடங்கு."

"ஏன், கடைக்காரன் ஒன்றரைக் கிலோ நிறுக்க மாட்டானா?"

"அரிசியப் பாதியா ஒடைக்கலாம். விளக்க எப்படி ஒடைப்ப? அரைப் புள்ளின்னு ஒண்ணு கிடையாது அமலா. எரியுது, இல்ல அணைஞ்சிருக்கு. நடுவுல ஒண்ணும் இல்ல."

பஸ் போர்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. மூலையில் ஒரு விளக்கு சும்மாவே எரியும். ஊர்ப்பெயர் ஓடாவிட்டாலும், போர்டுக்கு உயிர் இருக்கிறது என்று மெக்கானிக்குக்குத் தெரிவதற்காக. அதையே அவர் அவளுக்கும் வைத்தார். அவர் கைப்பேசி வீட்டு வைஃபையில் சேர்ந்திருக்கும்வரை அவள் கண்ணின் கீழ் இடது மூலையில் ஒரு புள்ளி எரியும். கேட்டைத் தாண்டிப் போனால் அணையும். அவள் கல்லூரியில் இருந்தாலும், கடையில் இருந்தாலும், அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

"இனிமே நீ 'எங்க இருக்கீங்க'ன்னு போன் போட வேண்டாம்" என்றார்.

"நீங்க பொய் சொல்லவும் முடியாது" என்றாள் அவள்.

அவர் 'குடை' என்று போட்ட அன்று மழை பெய்தது. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து, காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, புள்ளிக்காகக் காத்திருந்தாள். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து போர்டைச் சோதித்துக்கொண்டிருந்தவர் அப்படியே முன்பக்கம் சாய்ந்துவிட்டார் என்று டிப்போ ஆட்கள் வந்து சொன்னபோது, "இன்னும் புள்ளி எரியலையே" என்றுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. அவர்களுக்கு அது புரியவில்லை.

மறுநாள் அடக்கம். கல்லறையிலிருந்து திரும்பி, வீடு நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மூலையில் புள்ளி எரிந்தது.

அமலோற்பவம் எழுந்து நின்றாள். "வந்துட்டாரு" என்றாள்.

ஒரு தம்ளர் தரையில் வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் வாசலை நோக்கி இரண்டடி வைத்துவிட்டாள். உள்ளறையிலிருந்து மகள் ஷெரின் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ம்மா. அப்பா போனை நான்தான் சார்ஜ்ல போட்டேன். டிப்போ நம்பர் வேணும்னு. ம்மா, உக்காரு."

அமலோற்பவம் உட்கார்ந்தாள். "அதை அணைக்காத" என்றாள்.

அணைக்கவில்லை. அடுக்களை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், அந்தக் கைப்பேசி சார்ஜிலேயே கிடந்தது. புள்ளி இரவும் பகலும் எரிந்தது. சவரிராஜ் வெளியே போவதே இல்லை. அவள் கல்லூரியில் தொலைபேசியை எடுத்து "வணக்கம், அலுவலகம்" என்று சொல்லும்போதும் அது எரியும். பொய் என்று அவளுக்குத் தெரியும். பொய்யாக இருந்தாலும் அது வீட்டில் இருந்தது.

அடுத்த சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷெரின் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, இந்த போன் வயிறு ஊதிப் போய் இருக்கு. பேட்டரி வெடிச்சிடும். எப்பவோ செத்துப்போச்சு இது."

"எரியுதே."

"எது?"

"புள்ளி."

ஷெரின் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். வைஃபை பெட்டியையும் அணைத்தாள். தாயின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கேமரா போனதும் அடுக்களை போனது, ஜன்னல் போனது. கறுப்பு. கறுப்பின் மூலையில் அது மட்டும் அசையாமல் நின்றது.

"இப்பவும்?"

"இப்பவும்."

கண் மருத்துவமனையில் தகடுகளைப் பார்த்துக்கொள்பவன் ரஃபீக். அவளுக்கு எட்டு வருடமாகத் தெரிந்தவன்; வந்ததும் முதலில் டீ சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பான். அன்று கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, டீ சொல்லாமலே இன்னொரு முறை மாட்டிப் பார்த்தான்.

"அம்மா, இந்த ஒத்தப் புள்ளிய யாரு விடாம எரிய வச்சது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அண்ணன் பஸ் போர்டுன்னு நெனச்சிட்டாரு. அங்க ஒரு விளக்கு வருசக்கணக்கா எரிஞ்சா என்ன ஆகும்? மங்கிப் போகும். கழட்டிட்டு வேற போடுவாங்க. இது நரம்பு. ஒரே எடத்துல தட்டிக்கிட்டே இருந்தா அது கத்துக்கும். இப்ப தட்டாமலே அது பாட்டுக்கு எரியுது."

"ரிப்பேரா?"

"ரிப்பேர்தான். ஆனா இனிமே இதுக்குக் கவலப்பட வேண்டியதில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இந்தத் தகட்டையே நிறுத்தப்போறாங்கம்மா. வர்ற டிசம்பரோட கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இருக்கிற தொடர்பு போயிடும். கடிதாசி வரும் உங்களுக்கு. புதுசு வந்திருக்கு. அதுல ஒரு புள்ளி, பரப்புல உங்க பழைய புள்ளியில பதினெட்டுல ஒரு பங்குதான், மணல் மாதிரி. முகம் தெரியும். பேப்பர் படிக்கலாம். எங்க அத்தாவுக்கே போன மாசம் போட்டோம், பிரியாணியில கறி கம்மியா இருக்குன்னு இப்பக் கண்டுபிடிச்சு சண்ட போடுறாரு."

ஷெரின் சிரித்தாள். அமலோற்பவம் சிரிக்கவில்லை.

"பழசு எல்லாம் என்ன ஆகும்?"

"எது?"

"அவரு முகம்."

"போட்டோ இருக்குமில்ல? நல்லாவே பாப்பீங்க."

"நான் அதைக் கேக்கல தம்பி."

ரஃபீக்குக்குப் புரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "மறைக்காம சொல்றேன். இந்த எட்டு வருசமும் ஆயிரம் புள்ளிய வச்சு முகம் பாக்க உங்க மூளை பழகியிருக்கு. புதுசு போட்டா அந்தப் பழக்கத்த அழிச்சாத்தான் இத எழுத முடியும். ரெண்டு மாசம், மூணு மாசம். அப்புறம் பழைய மாதிரி நெனச்சுப் பாக்கவும் வராது. அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. போடலன்னா, டிசம்பர்ல இருட்டு."

அவர் முகம் அவளுக்கு ஒரு கைப்பிடிப் புள்ளி. மேலே நெற்றி வெளிச்சம். நடுவில் மீசையின் கறுப்புப் பட்டை. சிரித்தால் பட்டைக்குக் கீழே இரண்டு புள்ளிகள் எரியும். அவ்வளவுதான் அவள் கண்ட கணவன். அந்த இரண்டு புள்ளிகளை எரிய வைப்பதற்காகவே எத்தனையோ தடவை வேண்டுமென்றே அசட்டுப் பேச்சுப் பேசியிருக்கிறாள்.

கடிதம் வந்தது. அவள் பதில் அனுப்பவில்லை. ஆடி போனது, ஆவணி போனது. பெங்களூரிலிருந்து ஷெரினுக்கு வேலை வந்திருந்தது. ஜனவரியில் சேர வேண்டும். ஷெரின் அதைப் பற்றி வீட்டில் பேசவில்லை. மாடியில் நின்று தோழியிடம், "அம்மா இருட்டாயிட்டா நான் எங்கடி போறது, இங்கயே ஏதாவது பாத்துக்குறேன்" என்று சொன்னது கீழே அடுக்களை ஜன்னல் வழியாக வந்து விழுந்தது. கண் தெரியாதவளின் காதைப் பற்றி அவள் மகளுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

"நீ பெங்களூரு போ" என்றாள் அமலோற்பவம் அன்று சாப்பாட்டின்போது.

"போயி? நீ சுவத்தைத் தடவிக்கிட்டு இருப்ப, நான் அங்க நிம்மதியா தூங்குவேனா?"

"இருபது வருசம் தடவினவதான் நான்."

"அப்ப அப்பா இருந்தாரு." ஷெரின் தட்டைத் தள்ளினாள். "எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? நீ அப்பாவ உண்மையில பாத்ததே கிடையாது. நீ பாத்தது நாலு புள்ளி. அத இழக்க மாட்டேன்னு கண்ணையே இழக்கப் போற."

அமலோற்பவம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "நீ முழுசாப் பாத்த. எனக்குக் கெடச்சது நாலு புள்ளி. யாருக்குக் குறைவா இருக்கோ அவங்கதான் கெட்டியாப் புடிச்சுக்குவாங்க."

ஷெரின் அழும் சத்தம் கேட்டது. தாய் எழுந்துபோய், எச்சில் படாத இடது கையால் அவள் தலையைத் தடவினாள்.

கல்லறைத் திருநாளன்று இருவரும் போனார்கள். சாமந்தி மாலை, ஊதுவத்தி, ஒரு கட்டு மெழுகுவத்தி. மாலை ஆறு மணிக்கெல்லாம் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுடர்கள். அவளுடைய தகட்டுக்கு அது மிகவும் பிடித்த காட்சி. கறுப்புமேல் புள்ளி, வேறெதுவும் இல்லை. அந்த ஒரு நாள் எல்லாரும் பார்ப்பதும் அவள் பார்ப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். சவரிராஜின் கல்லில் மெழுகைச் சொட்டவிட்டு அதன்மேல் வத்திகளை நட்டாள். காற்றில் ஒன்று அணைந்தது. ஷெரின் பக்கத்துச் சுடரில் பற்றவைத்து மறுபடி நட்டாள். அது இன்னொரு முறை அணைந்தது. ஷெரின் முணுமுணுக்காமல் மறுபடியும் பற்றவைத்தாள். மூன்றாவது முறையும். இருபத்து மூன்று வயதுப் பெண், கால் சேற்றில் புதைய, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்து, அணைய அணையப் பற்றவைத்துக்கொண்டே இருந்தாள்.

"விடுடீ" என்றாள் தாய்.

"இரும்மா. நின்னுடும்."

திரும்பி வரும் வழியில், ஆட்டோவில், அமலோற்பவம் சொன்னாள்: "ரஃபீக்குக்கு போன் போடு. தேதி குடுக்கச் சொல்லு."

அறுவைக்கு முந்தின நாள் ரஃபீக் ஒரு காரியம் செய்தான். சவரிராஜ் வரைந்த எழுத்துகளைப் பழைய கண்ணாடியிலிருந்து எடுத்துப் புதிய கருவிக்குள் போட்டுப் பார்த்தான்.

"அப்படியே போட்டா கடுகு சைஸ்ல வருதும்மா. தானாப் பெருசாக்க விட்டா ஓரமெல்லாம் கரைஞ்சு கஞ்சி மாதிரி ஆயிடுது. நாலே கால் மடங்குன்னு கணக்குப் போடுது அது."

"நாலு மடங்கு போடு, இல்ல அஞ்சு. கால் எல்லாம் வேண்டாம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அரைப் புள்ளியே கிடையாது. கால் எங்கேருந்து வரும்?"

நாலு மடங்கு போட்டான். "கட்டையா நிக்குது. பஸ் போர்டு மாதிரியே" என்றான்.

"அப்படியே வை."

கட்டுப் பிரித்து, பழக்கி, பழக்கி, பொங்கலுக்கு முந்தின வாரம்தான் உலகம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. அவள் எதிர்பார்த்ததைவிட அது வழவழப்பாக இருந்தது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே எத்தனையோ சாம்பல்கள். சுவரில் ஈரம் ஏறிய தடம், வாழைப்பழத்தின் கறுப்புப் பொட்டு, தன் கையின் சுருக்கம். எதுவும் முழுசாக எரியவுமில்லை, முழுசாக அணையவுமில்லை. இந்த உலகம் முழுக்க அரைப் புள்ளிகளாலேயே ஆகியிருந்தது. அவர் இதைப் பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. அதன் முன்னால் போய் நின்றாள். மீசை வைத்த ஒருவர். கன்னத்தில் அம்மைத் தழும்புகள். ஒரு புருவம் மற்றதைவிட மேலே ஏறியிருந்தது. அந்தத் தழும்புகளைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. விரலால் தடவியிருக்கிறாளே, முகப்பரு என்று நினைத்திருக்கிறாள்.

"அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே ஷெரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லா இருக்காரு" என்றாள் அமலோற்பவம், யாரோ ஒரு விருந்தாளியைப் பற்றிச் சொல்வது போல. கண்ணை மூடி, பழைய கைப்பிடிப் புள்ளிகளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். நெற்றி வந்தது. பட்டை வந்தது. பட்டைக்குக் கீழே எரிய வேண்டியவை வரவில்லை. கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். ஷெரினின் இடது புருவம் மேலே ஏறியிருந்தது. படத்தில் இருப்பவருக்கும் அதே பக்கம். அப்போதுதான் சுவரில் இருந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டு ஆளாக ஆரம்பித்தார்.

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது ஷெரின் பயணப் பையுடன் வந்திருந்தாள். மாலை ரயில் பெங்களூருக்கு.

"ஒரே ஒரு சோதனை பாக்கி" என்றான் ரஃபீக். "அந்தப் பழைய ஒத்தப் புள்ளி. பழைய தகட்டை எடுத்தாச்சு, அது இருந்த எடத்துல இப்ப ஒண்ணுமில்ல. போயிருக்கணும். அப்படியும் மிச்சம் இருந்தா, நரம்புல இல்ல, மூளையிலயே ஒட்டியிருக்குன்னு அர்த்தம். அதுக்கு மருந்து இருக்கு. ஆறு மாசம், வாரா வாரம் வந்து படுக்கணும், கூட ஒரு ஆளும் வேணும். அழிச்சிடலாம்."

"சரி."

"இப்ப புதுத் தகட்டை முழுசா அணைக்கிறேன். உங்களுக்கு ஒண்ணுமே தெரியக் கூடாது. பயப்படாதீங்க."

அறை போனது. ரஃபீக்கின் வெள்ளைக் கோட்டு போனது, ஷெரினின் ஏறிய புருவம் போனது. பழைய, நன்கு தெரிந்த கறுப்பு.

"ஏதாவது தெரியுதாம்மா?"

ஷெரினின் விரல்கள் பையின் ஜிப்பை இழுத்து மூடுவதும் திறப்பதுமாக இருந்தன.

"ஒண்ணும் தெரியலப்பா."

"நல்லா பாத்துச் சொல்லுங்க. கீழே, இடது பக்கம்?"

"இல்ல. சுத்தமா இருட்டு."

ரஃபீக் பெருமூச்சு விட்டான். விசைப்பலகையில் எதையோ தட்டி, மகிழ்ச்சியாக ஷெரினிடம், "நீங்க தைரியமா ரயில் ஏறலாம்" என்றான். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள்.

கறுப்பின் கீழ் இடது மூலையில் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மணலளவு இல்லை. பழைய அளவுதான்.